தெரியலையா, இல்லையா?

அந்த அக்கா வருவது ஒரு நாளும் எனக்கு முன்கூட்டித் தெரிந்ததில்லை. போடியில், தேனி ரோட்டில் இருக்கிற என் வண்டி வயரிங் ஷெட்டுக்கு வருகிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் சத்தம் உண்டு. மலை ஜீப்புகளை நிமிர்ந்து பார்க்காமலே யாருடையது என்று சொல்லிவிடுவேன். அவருடைய கார் மட்டும் எஞ்சின் ஓடாமல் பேட்டரியிலேயே உருண்டு வந்து நிற்கும். குனிந்து வயரைப் பிரித்துக்கொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். திரும்பினால் சாம்பல் நிறக் கார், உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர். வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லமாட்டார். கண்ணாடியை இறக்கியதும் முதலில் வருவது ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

அவர் இறந்து சில வருடங்களாகின்றன. கார் அவர் மகளோடு கோயம்புத்தூருக்குப் போய், அங்கிருந்து வேறு யாரிடமோ போய்விட்டது. இன்னமும் வேலைக்கு நடுவில் நான் சும்மாவே திரும்பிப் பார்க்கிறேன். என் மனைவி அதைக் கவனித்துவிட்டு யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டாள். யாரையும் இல்லை என்று சொன்னேன்.

மார்க்கெட் பக்கத்தில் அவரும் கணவரும் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார்கள். மலையிலிருந்து சின்னத் தோட்டக்காரர்கள் கொண்டுவருகிற காயை வாங்கித் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புவது அவர்கள் தொழில். பேச்சு, சிரிப்பு, வருகிறவர்களுக்குக் காபி சொல்வது எல்லாம் கணவருடையது. காய் பார்ப்பது அக்கா. நான் அப்போது வீட்டு வயரிங் வேலையும் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அந்தக் கடையில் ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோது, குரங்கணியிலிருந்து ஒரு பெரியவர் மூட்டையோடு வந்தார். அக்கா சாக்குக்குள் முழங்கைக்கு மேல் கையை விட்டார். கை அடியில் துழாவிக்கொண்டிருக்க, கண் பெரியவரின் முகத்தில் இருந்தது. எப்போது காய்ந்தது என்று கேட்டார். போன வாரம் என்றார் பெரியவர். அக்கா தலையாட்டிவிட்டு அவருடைய பேத்தியைப் பற்றி விசாரித்தார். போன வாரம் உங்கள் பக்கம் மழையாமே என்றார். ஆமாம், விடாத மழை என்றார் அவர். காய் உலர்த்த விறகு கிடைத்ததா என்றார். காபி வந்தது. பெரியவர் பாதி குடித்திருப்பார், அக்கா முதல் கேள்வியை அப்படியே மறுபடி கேட்டார். பெரியவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியில பாதி போன வருசத்துக் காய் தாயி" என்றார்.

அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லை. புதுசையும் பழசையும் தனித்தனியாகக் கொட்டச் சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார். பெரியவர் போன பிறகு, போலீசில் சேர்ந்திருக்கவேண்டியவள் என்று கணவர் சிரித்தார். எனக்குத் தெரிந்தாகவேண்டும், அவ்வளவுதான் என்றார் அக்கா. பழைய காயைத் தள்ளிவிட வந்த ஆளை மடக்கிவிட்ட சந்தோஷம் முகத்தில் துளிகூட இல்லை. தாகமெடுத்தவர் தண்ணீர் குடித்ததுபோல இருந்தார்.

இப்படிக் கேட்பதால் அவரைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். எங்களால் அப்படி ஒதுங்க முடியாது. என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வழியில் பார்த்த அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கூடவே வந்துவிட்டார். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். நானும் மனைவியும் எழுந்துவிட்டோம். அக்கா எழவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றீகளா டாக்டர், இல்ல இன்னும் தெரியலைன்னு சொல்றீகளா?" என்று கேட்டார்.

டாக்டர் நல்ல மனுஷர். கொஞ்சம் யோசித்தார். தெரியவில்லை என்பதுதான் சரி, இன்று இங்கேயே வைத்திருந்து பார்ப்போம் என்றார். அன்று சாயங்காலமே மறுபடி வலிப்பு வந்தது. நாங்கள் வார்டிலேயே இருந்தோம்.

தெரியலையா, இல்லையா. இரண்டும் வேறு வேறு என்று அவர் ஒரு நாளும் விளக்கியதில்லை. யார் எதைச் சொன்னாலும் அந்த இரண்டில் எது என்று கேட்பார், கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

அவருடைய கணவர் இறந்தது ஊருக்கே தெரிந்த செய்தி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் தோட்டத்திலிருந்து தனியாக இறங்கி வந்திருக்கிறார். மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் காரை ஓரம் கட்டிவிட்டு, சாரல் படாமல் பாறைச் சுவரை ஒட்டி நின்றிருக்கிறார். மழையில் ஊறியிருந்த பாறை ஒன்று மேலேயிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. பின்னால் வந்த தொழிலாளர் ஜீப்புதான் பார்த்தது. காரில் ஒரு கீறல் இல்லை. ஒரு போலீஸ்காரர் அதை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த இடத்தில் அவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அக்கா என் ஷெட்டுக்கு வந்தார். கார் வந்த சத்தம் அன்றும் கேட்கவில்லை.

"தம்பி, இதுல ஒரு லைட்டு எரிஞ்சுச்சு. தண்ணி சூடாயிருச்சுன்னு காட்டுற லைட்டு. அது ஏன் எரிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

எப்போது எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டியிருக்கவில்லை.

அந்தக் கார் கணவர் ஆசைப்பட்டுக் கொச்சியில் பழையதாக வாங்கியது. பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட். போடியில் அப்போது வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. உள்ளே ஆளையே கொல்கிற கரண்டு ஓடுகிற ஆரஞ்சு வயர்களைத் தொட எனக்கே பயம். கொச்சியில் இந்த வேலை தெரிந்த ஒரு நண்பனைப் போனில் பிடித்து, அவன் சொல்லச் சொல்லப் பார்த்தேன். சாதாரணக் காருக்கு எஞ்சினைக் குளிர்விக்க மட்டும்தான் தண்ணீர். இதற்கு இரண்டு. எஞ்சினுக்கு ஒன்று, பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு மாற்றிக்கொடுக்கிற பெட்டிக்கு இன்னொன்று. அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி, தண்ணீரைச் சுற்றவிட ஒரு சின்னப் பம்பு. பின்சீட்டு ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கிற ஃபேன் வேறு.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் சரியாக இருந்தது. வண்டியை ஆன் பண்ணி மூடியைத் திறந்தால் சின்னத் தொட்டியில் தண்ணீர் சுழன்றது, அதாவது பம்பு ஓடுகிறது. பின்சீட்டு ஃபேனில் ஏலக்காய்த் தூசும் உமியும் அடைத்துக் கிடந்தன, சாக்கை அங்கேயே சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்தேன். ஆனால் அதற்கு எரியவேண்டிய லைட்டு வேறு. என்ன கோளாறு வந்தது என்று வண்டி தன் நினைவில் வைத்திருக்கும், ஸ்கேனரில் படிக்கலாம். ஆனால் வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்ற நாட்களில் பேட்டரி இறங்கி, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நினைவு அழிந்துபோயிருந்தது.

வண்டியில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"இல்லைன்னு சொல்றியா, தெரியலைன்னு சொல்றியா?"

தெரியவில்லை என்றேன். சரி என்று போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும். அந்தப் போலீஸ்காரரையும் போய்ப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர் ஓட்டி வந்தபோது எந்த லைட்டும் எரியவில்லை என்று சொன்னாராம். அது அக்காவை இன்னும் அலைக்கழித்தது. ஷெட்டில் வண்டியை ஆன் பண்ணிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் சத்தம் இருக்காது. டேஷ்போர்டின் வெளிச்சம் முகத்தில் லேசாகப் படும். ஒரு மணி நேரம்கூட அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். என் ஷெட்டுக்கு வருகிற ஜீப் டிரைவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இழவு வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கிறதண்ணே என்று ஒருவன் என்னிடம் சொன்னான். அதன் பிறகு அவன் வேறு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தான்.

நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது, மலையில் ஓடும்போது பார்க்கவேண்டும் என்று கொச்சி நண்பன் சொன்னான். அதனால் அக்கா தோட்டத்துக்குப் போகும்போது சில தடவை நானும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்து போனேன். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறுவோம், தோட்டத்தில் கொஞ்ச நேரம், பிறகு இறங்குவோம். வெயில் காலம். லைட்டு எரியவில்லை. அந்த வளைவு வரும்போது அக்கா வேகத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பாறைப் பக்கம் திரும்பவும் மாட்டார். நான்தான் பார்ப்பேன். பெயர்ந்த இடம் வெளுத்து, உரித்த தோல்போல இருக்கும்.

அப்படி இறங்கும்போது ஒரு நாள், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"அவரு போன் பண்ணுனாரு. லைட்டு எரியுது, வரவா, நிப்பாட்டவான்னு கேட்டாரு. நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

முன்பு ஜீப் வைத்திருந்த காலத்தில் கணவர் ஒரு தடவை எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓட்டிவந்து அதை ஒன்றுக்கும் ஆகாமல் செய்துவிட்டாராம். அதற்கு அக்கா அவரைப் பேசாத பேச்சில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்தப் பேச்சு மனதில் இருந்துதான் இந்தத் தடவை அவர் போன் செய்து கேட்டிருக்கிறார். வேறு எதையும் என்னைக் கேட்டுச் செய்கிற ஆள் இல்லை அவர் என்றார் அக்கா. லைட்டு நிஜமாக எரிந்திருந்தால், நிறுத்தச் சொன்னது சரி. பொய்யாக எரிந்திருந்தால், ஒன்றுமில்லாததற்கு அவரை அந்தப் பாறைக்கடியில் நிற்க வைத்ததாகிவிடும். இதில் எது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று, யாரோ ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். இந்த விஷயம் தன் மகளுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் காரைத் தொடவே கை கூசியது. அதுவரைக்கும் நான் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன். இனிமேல் நான் சொல்லப்போவது தீர்ப்பு. கொச்சிக்கு அனுப்பிவிடலாம் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை. அங்கே இருப்பவர்கள் புதுப் பம்பு, புதுப் பெட்டி என்று மாற்றி வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்துவிடுவார்கள், எனக்கு வண்டி சரியாகவேண்டாம் என்றார்.

மறு வருடம் ஆடி பிறந்தது. மேற்கே மலை தெரியாமல் மேகம் மூடிக் கிடந்த ஒரு காலையில் அக்கா வந்து என்னைக் கூப்பிட்டார். தோட்டத்துக்குப் போனோம். மத்தியானம் திரும்பினோம். மெட்டு முழுக்கப் பனிமூட்டம், அதோடு சாரல். முதல் சில வளைவுகள் இறங்கியிருப்போம். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பக்கத்தில் தண்ணீர் சூடு காட்டுகிற லைட்டு.

அக்கா மெதுவாக அகலமான ஓர் இடம் பார்த்து நிறுத்தினார். அந்தப் பாறை வளைவு இன்னும் கீழே இருந்தது. வண்டியை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் இறங்கி, பானெட்டைத் தூக்கி, சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சாரல் துளி ஒன்று அதில் விழுந்து வட்டம் போட்டது. பம்பு நின்றுபோயிருந்தது.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். தண்ணீரைக் காட்டினேன். இந்தப் பம்பு அவ்வப்போது சிக்கிக்கொள்கிறது, ஆறிய பிறகு தானாக ஓடத் தொடங்கிவிடும், அதனால்தான் போலீஸ்காரர் ஓட்டும்போது லைட்டு எரியவில்லை, நானும் ஷெட்டில் எத்தனை தடவை பார்த்தும் பிடிபடவில்லை என்று சொன்னேன்.

"அன்னைக்கும் இதுதானா?"

"இதேதான்க்கா. லைட்டு பொய் இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அவர்தானே. கண்ணைத் திறந்ததும் கேட்டார்.

"நிப்பாட்டாம வந்துருந்தா என்ன ஆகியிருக்கும்?"

கேட்ட வேகத்தில் நானும் வண்டிக்காரன் புத்தியோடு பதில் சொல்லிவிட்டேன். எல்லாம் இறக்கம்தான், மோட்டாருக்கு இழுக்கிற வேலை கிடையாது, பெட்டி ரொம்பச் சூடானால் வண்டியே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், உருண்டு உருண்டு போடிக்கு வந்து சேர்ந்திருக்கும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கு உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பானெட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சு சொல்றியா தம்பி?"

"தெரியலைக்கா. நான் ஓட்டிப் பாத்ததில்ல."

"அப்ப ஏறு."

பம்பை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடிவிடும், தட்டுகிறேன் என்றேன். தொடக்கூடாது என்றார். பெட்டி எரிந்துபோனால் வண்டியே போய்விடும் என்றேன். அவர் அதற்குள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். நான் பானெட்டை மூடிவிட்டு ஏறிக்கொண்டேன்.

லைட்டு எரிய எரிய இறங்கினோம். எஞ்சின் சத்தம் இல்லை. கண்ணாடி துடைக்கிற வைப்பரும் டயரில் தண்ணீர் தெறிப்பதும்தான் கேட்டது. எதிரே ஜீப்புகள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து முகப்பு விளக்கோடு திடீர் திடீரென்று வந்து விலகின. ஸ்கேனரில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பாறை வளைவு வந்தது. வெளுத்திருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருந்தது. அக்கா முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனால் கால் பிரேக்கில் அழுந்தவில்லை. ஓரத்தில் காத்திருக்கிற ஆளை ஏற்றிக்கொள்ளாமல் தாண்டிப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

முந்தலுக்கு வந்தபோது சாரல் நின்றிருந்தது. அதன் பிறகு சமதளம். வண்டி பலத்தைக் குறைத்துக்கொண்டது. மாந்தோப்புகளின் ஓரமாக நடக்கிற வேகத்தில் போனோம். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார். இங்கே நிறுத்தலாம் அக்கா, இதுவே போதும் என்று நான் ஒரு தடவை சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஊருக்குள் நுழைந்து, மார்க்கெட்டைக் கடந்து, அவர்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டிக்கு எதுவும் ஆகவில்லை.

வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கும் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அக்கா இறங்கினார். படியேறிப் பூட்டைத் திறந்தார். உள்ளே போகவில்லை. ஒரு கதவைத் திறந்து கையால் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, ஒருவர் நுழைய வழிவிட்டு நின்றார். காரைப் பார்த்தார்.

"எறங்கி வாங்க" என்றார்.

என்னை அவர் ஒரு நாளும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. வா தம்பி, உக்காரு தம்பி, சொல்லு தம்பி என்றுதான் எப்போதும். கதவின் கைப்பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்த பக்கம்கூடப் பார்க்கவில்லை. சற்று முன் தான் எழுந்துவந்த டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் அழுகை இல்லை. மழையில் நேரங்கழித்து வீடு வந்தவரைக் கடிந்துகொள்ளாமல் கூப்பிடுகிற குரல் அது.

வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, யாரோ தன்னைக் கடந்து உள்ளே போய்விட்டதுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவரும் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.